புகை கக்கிய கடலைத்தோல்

சிங்காரம் கடையில் உட்கார்ந்தால் டீ வருவதற்கு முன்பே கண்ணீர் வந்துவிடும். அப்படியொரு புகை. திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற சாலையில் அந்தக் கடை. எழிலன் கண்ணைக் கசக்கிக்கொண்டே பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான்.

"அண்ணே, டீக்கு மட்டும்தான் காசா? புகைக்கும் தனியா போடுவியா?"

"யோவ், நீ வேற. நானே நொந்துபோய் கீறேன்" என்றான் சிங்காரம், அடுப்பைக் குத்தியபடி.

"எழில், வாயை மூடிக்கினு டீயைக் குடி" என்றாள் தமயந்தி.

அரக்கோணம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக்கடை மாடியில், துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் தமயந்தி. ஐம்பதை நெருங்கும் வயது. பேச்சு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ எழிலனை உதவியாளனாக வைத்திருந்தாள். 'இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கினு போயிருக்கும்' என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அவனிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டுச் சம்பளமும் கொடுத்துவிடுவாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் நீலத் தகரம் போட்ட பெரிய கொட்டகை. வாசலில் பூட்டு. பூட்டுக்கு மேலே பளபளவென்று ஒரு பலகை. கடல் தாண்டிய ஒரு பணக்கார நாட்டின் கொடியும் நம் கொடியும் அதில் கைகுலுக்காத குறையாக நின்றன. ஏழை நாட்டுக்குத் தானம் கொடுப்பதில்லை, வியாபாரம் செய்யக் கைகொடுக்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுற்றுப்பட்டு ஊர் வேர்க்கடலை, தரகன் கைக்குப் போகாமல் நேராக அந்த நாட்டுக் கடைகளுக்கே போகும். கடலை உடைக்கிற மெஷினை அவர்களே தங்கள் ஊரில் வாங்கிக் கப்பலில் அனுப்பினார்கள். கொட்டகை போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

முதல் கண்டெய்னர் போனது. அந்த நாட்டுத் துறைமுகத்தில் திறந்து பார்த்தால், உள்ளே கடலை பூசணம் பிடித்துக் கிடந்தது. பூசண விஷம் என்று சொல்லி மொத்தத்தையும் எரித்துவிட்டார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், லாரி கிளம்பும் முன் அதிகாரிகள் எதிரில் உடைத்து எடுத்த மாதிரிக் கடலை சுத்தமாக இருந்தது. அப்படியானால் நல்ல கடலையை வழியில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். கொட்டகைச் சாவி யாரிடம்? மெஷின் ஓட்டுகிற உபைத்திடம். லாரியோடு துறைமுகம் வரை போனது யார்? அதே உபைத். போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. முதலில் இல்லவே இல்லை என்றவன், அப்புறம் திடீரென்று, "ஆமாங்க, நான்தான் மாத்தினேன். நல்லதை ஆந்திரா பார்டர் தாண்டி வித்துட்டேன்" என்றான். வாங்கினவன் பேர் தெரியாதாம்.

மாஜிஸ்திரேட் எதிரிலேயே அதைச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டான். நன்றாக யோசித்துவிட்டு வா என்று அவர் நேற்று திருப்பி சப்-ஜெயிலுக்கு அனுப்பியிருந்தார். இன்று மத்தியானம் மறுபடி அழைத்து வருவார்கள். சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அவனுடைய தாய் ஆலம் பீ, தமயந்தியின் அலுவலகப் படியேறி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் புள்ளைக்குப் பொய் சொல்லவே வராது மேடம். இப்ப ஏன் சொல்றான்னு கண்டுபுடிச்சுக் குடுங்க."

"கொட்டகை ஆரம்பிச்சப்போ கடலைத்தோலைச் சும்மா குடுத்தாங்க" என்று சிங்காரம் புலம்பிக்கொண்டிருந்தான். "விறகுச் செலவு மிச்சம்னு வாங்கி அடுக்கிட்டேன். எங்க எரியுது? புகைஞ்சுகினே கீது."

"எல்லா மூட்டையுமா?" என்றாள் தமயந்தி.

"இல்லீங்க. வெள்ளக்காரங்க காரு வர்ற அன்னிக்குக் குடுக்கற மூட்டை சூப்பரா எரியும். மத்த நாள் மூட்டைதான் இந்த லட்சணம்."

"பாத்தீங்களா மேடம், வெள்ளக்காரன்னா அடுப்புகூட எழுந்து நிக்குது" என்றான் எழிலன்.

தமயந்தி சிரிக்கவில்லை. பாதி குடித்த டீயைக் கீழே வைத்தாள். பாதி டீயை அவள் வைத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எழிலனுக்குத் தெரியும். அவன் தன் டீயை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"அண்ணே, ரெண்டு மாதிரியும் ஒவ்வொரு மூட்டை கொட்டிக் காட்டு."

கொட்டினான். வெள்ளைக்காரர் வந்த நாள் மூட்டையில் தோல் நொறுங்கித் தூள்தூளாக இருந்தது. மற்ற நாள் மூட்டையில் தோல் அழகாக நடுவில் பிளந்து பாதிப் பாதியாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். உட்புறம் கறுப்பு படர்ந்திருந்தது.

"எழில், மெஷின் கடலையை எப்படி உடைக்கும்?"

"கோவமா உடைக்கும் மேடம்."

"கை?"

"கை வந்து, பாசமா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். தூளையும் பாதித் தோலையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், அப்போ மெஷினை ஓட்டவே இல்லியா?"

"விருந்தாளி வந்தா ஓட்டியிருக்காங்க. மாதிரி எடுத்தது அதுலேர்ந்து. கண்டெய்னர்ல போனது மொத்தமும் கையால உடைச்சது. கெட்டது வழியில கெடல, இங்கேயே கெட்டிருக்கு."

"உபைத் எதையுமே மாத்தலைன்னா, எதுக்குத் தலையைக் குடுக்கறான்?"

"மத்தியானத்துக்குள்ள அதைத்தான் தெரிஞ்சுக்கணும். வண்டியை எடு. போற வழியில கடைத்தெருவுல தோலோட கடலை கொஞ்சம் வாங்கிக்கோ."

"பசிக்குதா மேடம்?"

"உனக்கு எப்பவும் அதே நினைப்பு" என்றபடி அவள் காரில் ஏறினாள்.

கவிதா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். கொட்டகையில் கடலை உடைத்த குழுவுக்கு அவள்தான் தலைவி. சொந்தமாகக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் கடலை. ஆலம் பீயும் அந்தக் குழுவில் ஒருத்தி என்பதால் அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தாள். புர்கா முகத்திரையை மேலே தள்ளிவிட்டு, தமயந்தி வாயிலிருந்து என்ன வருமோ என்று பார்த்தபடி இருந்தாள்.

"மெஷின்லதாங்க உடைச்சோம்" என்றாள் கவிதா, கேட்பதற்கு முன்பே. "பட்டனைத் தட்டினா அதுபாட்டுக்கு உடைச்சுக் கொட்டிடும்." மற்றப் பெண்களும் ஆங், ஆங் என்று தலையாட்டினார்கள்.

"சரிம்மா, அது கிடக்கட்டும்" என்று தமயந்தி பையைப் பிரித்தாள். "எங்க அண்ணன் விதைக்கடலை கேட்டாரு. முழுசா இருக்கணுமாம், ஒண்ணுகூட உடையக்கூடாதாம். எனக்கு இதெல்லாம் கைவராது. கொஞ்சம் சீக்கிரமா உடைச்சுத் தர்றியா?"

"இதுக்கென்னங்க" என்று கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தை இழுத்துப்போட்டுக் கடலையைப் பரப்பினாள். வலது கை கடலைக்குப் போனது, இடது கை பக்கத்திலிருந்த சொம்புக்குப் போனது. தண்ணீரை அள்ளித் தெளித்து, உள்ளங்கையால் ஒரு புரட்டு புரட்டி, ஈரச் சாக்கை எடுத்து மேலே போர்த்தினாள். "கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் விரலால அமுக்கினா போதும், தானா வாயைத் தெறந்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் கை என்ன செய்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"உங்களைத் திட்ட நான் வரல" என்றாள் தமயந்தி. "உள்ளதைச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல சொன்னா பிரயோஜனம் இல்ல."

கவிதா முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த மெஷின் நம்ம கடலைக்கு ஆவலைங்க. அவங்க ஊர் கடலை கட்டைவிரல் தண்டி இருக்குமாம். நம்முது பொடிசு. உள்ள போட்டா பாதிக்குப் பாதி நொறுங்கி வருது. அவங்க வர்ற அன்னிக்கு முழுசா வந்ததை மட்டும் பொறுக்கிக் காட்டுவோம். அவங்க நொறுங்கினதைத் தொடமாட்டாங்களாம். செவப்புத் தோல் உரியாம முழுசு முழுசா வேணுமாம். இன்னா பண்றது? கையால உடைச்சோம். தண்ணி தெளிக்காம அம்மாம் கடலையை உடைச்சா விரல் கிழிஞ்சு ரத்தம் வந்துடுங்க. எப்பவும் இப்படித்தான் உடைக்கறது. செக்குக்காரர் மறுநாளே ஆட்டிடுவாரு. ஒருநாளும் கெட்டதில்ல."

"காய வெச்சீங்களா?"

"வெச்சோங்க. மேலாக்க காஞ்சுது. கப்பலுக்கு நேரமாச்சுன்னு லாரி வந்து நின்னுகினு இருந்துச்சு."

"மெஷின் ஒத்துவரலன்னு அவங்ககிட்ட சொல்லக்கூடாதா?"

"அவங்க ஊர் மெஷினைக் கொறை சொன்னா எடுத்துகினு போயிடுவாங்களேன்னு பயம். மெஷின் போனா கொட்டகையும் போவும். அப்புறம் மறுபடி தரகன்கிட்டதான் கையேந்தணும்."

அவ்வளவுதான் விஷயம். உள்ளூரில் மறுநாளே செக்குக்குப் போகிற கடலைக்கு அந்த ஈரம் ஒன்றும் செய்யாது. இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வாரக்கணக்கில் கடல்மேல் வெயிலில் போட்டால் அதே ஈரம் வேர்த்து வேர்த்துப் பூசணமாகிவிடும். காயவைக்கச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அது மெஷின் உடைத்த, நனையாத கடலைக்கான பயிற்சி. தண்ணீர் தெளிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெளிக்கக் கூடாது என்று இவர்களுக்குத் தெரியாது. யார்மேல் கோபப்படுவது என்று எழிலனுக்குப் புரியவில்லை.

"மேடம்" என்றாள் ஆலம் பீ. அவள் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "நானும்தானே தெளிச்சேன். அப்போ என் புள்ளையை உள்ள தள்ளினது நான் தெளிச்ச தண்ணியா?"

தமயந்தி அவள் தோளில் கை வைத்தாள்.

"உபைத்துக்கு இது தெரியுமா?" என்று எழிலன் கேட்டான்.

"தெரியாம என்ன? வாளி வாளியா தண்ணி எடுத்தாந்து குடுத்ததே அவன்தான்" என்றாள் கவிதா.

ஆலம் பீயைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கார் திருத்தணிக்குள் பறந்தது. அதாவது, பறக்கப் பார்த்தது. மலைக்குப் போகிற வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஜன்னல்தோறும் எட்டிப் பார்த்தன. எழிலன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் சார்பில் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் திட்ட அலுவலர் தீனதயாளனுக்குத் தமயந்தி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் போலீஸ் வேன் நின்றது. உபைத் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான உடம்பு. நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் கறுப்பு. கூட வந்த ஏட்டு நல்ல மனுஷன். ஆலம் பீயைப் பார்த்ததும், "சீக்கிரம் பேசிட்டு விடுங்க, கூப்பிடற நேரம்" என்று கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்.

"தம்பி, நீ எதையும் மாத்தல" என்றாள் தமயந்தி. "தண்ணி தெளிச்சது எனக்குத் தெரியும். தோல் இருக்கு, சாட்சி இருக்கு. உள்ள போய் உண்மையைச் சொல்லு. சாயங்காலம் இல்லேன்னாலும் ரெண்டொரு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எழிலன் எதிர்பார்த்தான். வந்தது பயம்.

"மேடம், உங்க கால்ல வுழறேன். அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஏன்டா?" என்றாள் ஆலம் பீ.

"அம்மீ, திருடன் ஒருத்தன் இருந்தான், புடிச்சாச்சுன்னா, அந்த ஒருத்தனைத் தள்ளிட்டுக் கொட்டகையை மறுபடி தொறப்பாங்க. இவங்களுக்குக் கடலையே உடைக்கத் தெரியலைன்னா, மொத்தமா மூடிட்டுப் போயிடுவாங்க. தீனதயாளன் சாரே சொன்னாரு. ஒரு ஆள் பண்ண தப்புன்னா நான் மேல பேச முடியும், ஊரே பண்ண தப்புன்னா என்னால முடியாதுப்பான்னாரு. கவிதாக்கா கடலை, அவங்க பக்கத்து நிலத்துக் கடலை, எல்லாம் அதை நம்பித்தான் போட்டுகினு இருக்காங்க. இனிமே மெஷின் ஜல்லடையை நம்ம கடலைக்கு ஏத்தமாதிரி மாத்திட்டா தண்ணியே வேணாம். எப்படி மாத்தணும்னு வெல்டிங் பட்டறை அமான்கிட்ட சொல்லிட்டேன்."

"உன் வாழ்க்கை?" என்றாள் தமயந்தி.

"நான் மெக்கானிக். எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்."

"திருடன்னு பேரு வாங்கினவனுக்கு எவன்டா ஸ்பேனரைக் குடுப்பான்?" என்று எழிலன் கத்திவிட்டான். அவன் இப்படிக் கத்தித் தமயந்தியே பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். ஆலம் பீ மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தெளிச்சேன்னு போய்ச் சொல்லு. உன் தாய்தான் தெளிச்சான்னு சொல்லு." அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஏட்டோடு நடந்தான். கதவு சாத்தப்பட்டது. வாக்குமூலம் முடிகிற வரை போலீஸ்கூட உள்ளே போகக் கூடாது என்று ஏட்டும் வெளியிலேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் மதில் ஓரமாக நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் கதவு திறந்தது. இறங்கியவர் தீனதயாளன். இஸ்திரி கலையாத சட்டை. முகம் மட்டும் கசங்கியிருந்தது.

"உங்க போனைப் பாத்தேன் மேடம். எடுக்கத் தைரியம் இல்ல" என்றார். "காலையிலேர்ந்து இங்கேயேதான் வண்டியில உக்காந்திருக்கேன்."

"அந்தப் பையன் நீங்க சொல்லித்தானே உள்ள போயிருக்கான்?"

"நம்பித்தான் சொன்னேன். திருட்டுன்னா காப்பாத்திடலாம்னு நெசமாவே நம்பினேன்." அவர் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். "காலையில தலைமை ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்துடுச்சு. கொட்டகையை மூடறாங்க. அவங்க நாட்டுல பூசண விஷத்துக்கு இருக்கற வரம்பை இன்னும் கீழ இறக்கிட்டாங்களாம். நாம எவ்வளவு காய வெச்சாலும் இனிமே தேறாது. திருடனா, தண்ணியான்னு அவங்க கேக்கவே இல்ல. ஒரு வரி கூட கேக்கல."

தமயந்தி பாய்ந்து போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். கோர்ட் ஊழியர் குறுக்கே வந்து நின்றார். "அம்மா, நடுவுல யாரும் போகக்கூடாது. என் வேலை போயிடும்." அவள் கெஞ்சினாள். தமயந்தி கெஞ்சி எழிலன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பாவம், கையெடுத்துக் கும்பிட்டார், நகரவில்லை.

"இதை நீங்க காலையிலேயே அவன்கிட்ட சொல்லியிருந்தா?" என்றாள் தமயந்தி, திரும்பி வந்து.

தீனதயாளன் தரையைப் பார்த்தார். "சொல்லத்தான் வந்தேன். வேன்ல வந்து இறங்கினவன் என்னைப் பாத்து சலாம் வெச்சான் மேடம். எனக்குக் கால் எழும்பல. எனக்கும் அடுத்த மாசத்தோட வேலை முடியுது."

"மெஷின் என்ன ஆவும்?" என்று எழிலன் கேட்டான்.

"பெட்டி கட்டி அனுப்பச் சொல்லிட்டாங்க. வேற ஒரு ஏழை நாட்டுல இதே திட்டம் ஆரம்பிக்கறாங்க."

"அந்த ஊர்க் கடலை பெருசா சார்?"

"பொடிசுதான். நம்முதைவிடப் பொடிசு."

வேறு நாளாக இருந்தால் எழிலன் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பான்.

கதவு திறந்தது. உபைத் வெளியே வந்தான். பாரம் இறக்கி வைத்தவன் மாதிரி முகம் தெளிந்திருந்தது. ஏட்டு வேனுக்கு அழைத்துப் போகும் வழியில் தாயிடம் ஒரு நிமிஷம் நின்றான்.

தமயந்தி வாயைத் திறந்தாள். சொன்ன வாக்குமூலத்தை வாபஸ் வாங்கலாம், வக்கீல் வைக்கலாம், வருஷக்கணக்கில் இழுக்கும், ஆனாலும் செய்யலாம் என்று சொல்ல நினைத்தாள். அதற்கு முன் அவன் பேசிவிட்டான்.

"எல்லாம் சொல்லிட்டேன் அம்மீ. ஒரு சந்தேகம் இல்லாம சொல்லிட்டேன்." அவன் தீனதயாளனையும் பார்த்துத் தலையசைத்தான். "இனிமே கொட்டகையைத் தொறந்துடுவாங்க, இல்ல?"

தீனதயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலம் பீ மகனுடைய கன்னத்தைத் தடவினாள். காலையில் கவிதா வீட்டு வாசலில் கேட்ட அந்தச் சின்னக் குரல் இப்போது இல்லை.

"ஆங் பேட்டா. தொறந்துடுவாங்க. நீ நேரத்துக்குச் சாப்பிடு."

வேன் புறப்பட்டது. பின் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை வெளியே வந்து அசைந்தது. அது தெருமுனை திரும்பும் வரை அவள் சிரித்த முகமாகவே நின்றாள். அப்புறம் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்" என்றாள். "நான் சொன்னது தப்பா?"

கேஸ் முடிந்துவிட்டது. கேட்டதைக் கண்டுபிடித்தும் கொடுத்தாகிவிட்டது. தமயந்தி கைப்பையைத் திறந்து கார் சாவியைத் தேட ஆரம்பித்தாள். கைக்குட்டையை வெளியே எடுத்தாள், கண்ணாடியை எடுத்தாள், திரும்ப உள்ளே வைத்தாள், மறுபடி தேடினாள்.

சாவி எழிலன் கையில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.